பெங்களூரில் வடித்த விஸ்கி: மாரிகுப்பத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, 'தொண்டை நாட்டுச் சமணக் கல்வெட்டுகள்' பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் விஸ்கி வடிசாலை பற்றி எழுதப் போகிறேன் என்றதும் செயலாளர் சிரித்துவிட்டார். "நயினாரே, பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர் நீங்க. உங்களுக்கு எதுக்கு இது?" என்றார். கேள்வி நியாயமானதே. அறுபத்தாறு வயதாகிறது, இதுவரை ஒரு சொட்டு மது என் நாவில் பட்டதில்லை. தேனும் தொடாத குடும்பம். ஆயினும் மாரிகுப்பத்தில் மளிகைக்கடை வைத்து இரண்டு தலைமுறை வாழ்ந்தவனுக்கு மதுவின் வரலாறு அந்நியமல்ல. அது எங்கள் கடன் நோட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நான் பட்டம் பெற்றவன் அல்லன். கடையை மூடியபின் படித்தவைதான் என் படிப்பு. பிழை இருப்பின் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

தங்கவயலின் இரண்டு மதுக்கள்

வந்தவாசி, ஆரணிப் பக்கத்திலிருந்து என் தந்தையார் மாரிகுப்பத்துக்கு வந்தபோது அது இரயில் பாதை முடியும் ஊர். பங்காரப்பேட்டையிலிருந்து வரும் வண்டி இங்கே நின்றுவிடும், அதற்கப்பால் சுரங்கந்தான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த நாள் முதல் வடார்க்காடு, சேலம், தர்மபுரிச் சீமைகளிலிருந்து நம் மக்கள் வந்து குவிந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போனது.

அந்தக் காலத்தில் இந்த ஒரே ஊரில் இரண்டு மதுக்கள் இருந்தன. 1885இல் தோன்றிய கே.ஜி.எஃப். கிளப்பில் வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலில் வந்த ஸ்காட்ச் விஸ்கி குடித்தார்கள். லைன் வீடுகளில் இருந்த தொழிலாளிக்குச் சாராயக்கடை. கடைகள் ஏலத்துக்கு விடப்பட்டன. சுரங்கத்திலிருந்து கூலியாக வெளிவந்த பணத்தில் ஒரு பகுதி, சாராயத்தின் வழியாக அரசுக் கஜானாவுக்கே திரும்பிப் போனது.

இதை எதிர்த்தவர்களும் இம்மண்ணிலேயே இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் வேரூன்றியது. அவர்களது பஞ்சசீலத்தின் ஐந்தாவது கட்டளை மது விலக்கு. அண்டை வீட்டுச் சமணனாகிய நான் அவர்களை வணங்குகிறேன்.

பெயர்களைப் பற்றி

தமிழருக்கு மது புதியதல்ல. தேறல், நறவு, தோப்பி, கள் எனச் சங்க நூல்களில் எத்தனை பெயர்கள்! யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் புறநானூறு சொல்கிறது. அரிசிக் கூழை ஆறவைத்து, கலக்க வேண்டியதைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து வடிக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. ஆனால் இவை எல்லாம் புளிக்கவைத்த மது. ஆவியாக்கிக் குளிரவைத்து வடிப்பது பிற்காலத்தது. சித்த மருத்துவர் தீநீர் இறக்கும் பாண்டத்துக்கு 'வாலை' என்று பெயர். விஸ்கி வடிக்கும் செப்புக் கலமும் ஒரு பெரிய வாலைதான்.

'அரக்' என்ற அரபுச் சொல்லுக்கு வியர்வை என்று பொருள். வாலையின் வாயில் துளிதுளியாக முத்து அரும்புவதைப் பார்த்தவர் வைத்த பெயர். 'விஸ்கி' என்பது ஸ்காட்லாந்து மலைநாட்டார் மொழியில் 'உயிர் நீர்' என்று பொருள்படும் தொடரின் முதற்சொல் திரிந்தது. பெங்களூர் வடிசாலைக்கு இட்ட பெயரோ 'அம்ருத்', அதாவது அமிர்தம். பாற்கடல் கடைந்த கதையில் அமிர்தம் மட்டும் வரவில்லை, மதுவின் தேவியாகிய வாருணியும் வந்தாள் என்பது புராணம் கேட்டவர்களுக்குத் தெரியும். வள்ளுவரோ கள்ளுண்பவரை நஞ்சுண்பவராகவே கருதுகிறார். குறளை எங்கள் பொன்னூர்மலை ஆசாரியர் இயற்றினார் என்பது எங்கள் மரபு, அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை. ஆனால் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார் என்பது ஒரு வியாபாரிக்குக் கண்ணில் படாமல் போகாது.

சீமையிலிருந்து இந்தியாவுக்கு

ஸ்காட்லாந்து அரசுக் கணக்கில் 1494ஆம் ஆண்டு ஒரு பதிவு உண்டு. ஜான் கோர் என்ற துறவிக்கு 'உயிர் நீர்' செய்ய மால்ட் கொடுத்த கணக்கு அது. விஸ்கியின் வரலாறும் ஒரு கணக்கு நோட்டில்தான் தொடங்குகிறது! 1823இல் வந்த தீர்வைச் சட்டத்திற்குப் பின் உரிமம் பெற்ற ஆலைகள் பெருகின. 1830இல் ஈனியஸ் காஃபி என்பவர் உரிமம் பெற்ற நெடுந்தூண் வாலை தொழிலையே மாற்றியது. செப்பு வாலையில் ஒவ்வொரு தடவையும் நிரப்பி வடிக்க வேண்டும். தூண் வாலையில் நிறுத்தாமல் வடிக்கலாம். செலவு குறைவு, ஆனால் தானியத்தின் மணமும் குறைவு.

இந்தியாவில் 1850களில் எட்வர்ட் டயர் கசௌலி மலையில் மது ஆலை தொடங்கினார். சென்னையில் மெக்டவல் 1826 முதல் இறக்குமதி வியாபாரம் செய்தது. அது 1951இல் விட்டல் மல்லையா கைக்கு வந்து, பிறகு கேரளத்தில் சொந்த ஆலை கண்டது. ஆனால் இந்தியாவில் 'விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை தானியமே அல்ல. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ். அதைத் தூண் வாலையில் வடித்து, மணமற்ற சாராயமாக்கி, வாசனையும் நிறமும் சேர்த்து, கொஞ்சம் மால்ட் விஸ்கியும் கலப்பார்கள். ஐரோப்பியச் சட்டப்படி விஸ்கி என்றால் தானியத்தில் வடித்திருக்க வேண்டும், மரப்பீப்பாயில் மூன்றாண்டாவது இருந்திருக்க வேண்டும். ஆகவே நம் நாட்டு விஸ்கியில் பெரும்பாலானவற்றை அங்கே அந்தப் பெயரில் விற்க முடியாது.

இந்த இடத்தில்தான் பெங்களூர் ஆலையின் வரலாறு சிறப்புப் பெறுகிறது.

அம்ருத் வடிசாலை

1948இல், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, ஜே.என். இராதாகிருஷ்ண ராவ் ஜக்தலே பெங்களூரில் அம்ருத் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் மது கலந்து புட்டியில் அடைக்கும் தொழில்தான். பிராந்தியும் ரம்மும் இராணுவக் கேண்டீன்களுக்குப் போயின. 1976இல் அவர் மறைந்தபின் மகன் நீலகண்ட ராவ் ஜக்தலே பொறுப்பேற்றார். 1980களில் மைசூர் சாலையில் கெங்கேரிக்கு அப்பால் கம்பிபுராவில் ஆலை அமைந்தது. அன்று அது ஊருக்கு வெளியே. இன்று பெங்களூர் நகரம் அதையும் தாண்டி நீண்டுவிட்டது. பார்லியிலிருந்து மால்ட் விஸ்கி வடிக்கவும் அக்காலத்தில்தான் தொடங்கினார்கள். ஆனால் அது தனியாக விற்பதற்கு அல்ல, மற்ற விஸ்கிகளில் கலப்பதற்கு.

நீலகண்டரின் மகன் இரட்சித் ஜக்தலே இங்கிலாந்தில் நியூகாசிலில் மேலாண்மை படித்தபோது, பிரிட்டனில் உள்ள இந்திய உணவகங்களில் இந்திய விஸ்கி விற்க முடியுமா என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். அதன் விளைவாக 2004 ஆகஸ்டு 24 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 'கஃபே இந்தியா' என்ற உணவகத்தில், அம்ருத் சிங்கிள் மால்ட் அறிமுகமானது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், மால்ட் பார்லியில் மட்டும் வடித்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதுதான் இது. எடுத்த எடுப்பில் விற்றுத் தீரவில்லை, பல ஆண்டு பொறுமை தேவைப்பட்டது. ஜிம் மர்ரி என்ற விஸ்கி எழுத்தாளர் தம் 2010 பதிப்பில் 'அம்ருத் ஃப்யூஷன்' என்ற வகைக்கு நூற்றுக்கு 97 மதிப்பெண் தந்து உலகில் மூன்றாம் இடம் கொடுத்தார். அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. சொந்த ஊராகிய பெங்களூரில் இது விற்பனைக்கு வந்ததே 2010இல்தான். நீலகண்ட ராவ் ஜக்தலே 2019இல் காலமானார்.

செய்முறை: நான் கண்டதும் கேட்டதும்

எங்கள் கடையில் பார்லி எப்போதும் உண்டு. நீர்க்கடுப்புக்குக் கஞ்சி காய்ச்ச நூறு கிராம், இருநூறு கிராம் வாங்குவார்கள். அதே பார்லி டன் கணக்கில் என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை. மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் என்னை மைசூர் சாலைக்குப் பார்வையாளனாக அழைத்துப் போனான். அவன் எங்கள் பழைய வாடிக்கைக் குடும்பத்துப் பேரன். பெங்களூரில் வேறொரு மதுபான ஆலையில் வேலை. விடியற்காலை மாரிகுப்பம் வண்டியில் ஏறினோம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபின் ஊரின் பிழைப்பே அந்த வண்டியில்தான் ஏறி இறங்குகிறது.

சுரங்கம் தெரிந்தவர்களுக்கு இந்தச் செய்முறை எளிதில் விளங்கும். பாறையை இடித்துப் பொடியாக்கி, கரைத்து, தங்கத்தைப் பிரிப்போம். இங்கே தானியத்தை உடைத்து, கரைத்து, சாரத்தைப் பிரிக்கிறார்கள்.

பார்லி இராஜஸ்தான், பஞ்சாப், அரியானாவிலிருந்து வருகிறது. முதலில் ஊறவைத்து முளைகட்ட வேண்டும். வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைக்கு மாவு செய்கிறோமே, அதே தத்துவம். முளை விடும்போது தானியத்துக்குள் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தயாராகிறது. முளை நீளுமுன் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். இதுதான் மால்ட். ஸ்காட்லாந்தில் சில இடங்களில் 'பீட்' என்ற சதுப்பு நில எருவை எரித்து அந்தப் புகையில் உலர்த்துவார்கள். ஃப்யூஷன் வகையில் அங்கிருந்து வரும் புகைமணப் பார்லி நாலில் ஒரு பங்கு, நம் நாட்டுப் பார்லி மூன்று பங்கு. அதனால்தான் 'கலப்பு' என்ற பொருளில் அந்தப் பெயர்.

மால்ட்டை நொறுங்க அரைத்து ஏறக்குறைய 65 பாகை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. எனக்கு மனம் நிறைந்த இடம் அது. எங்கள் ஊரில் தங்கம் எடுத்தபின் மிஞ்சியது சயனைடு மேடு, காற்றடித்தால் இன்றும் கண்ணில் விழுகிறது.

சாற்றை ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். சில நாட்களில் அது சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றும். நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு சாராயம் சேர்ந்ததும் அதைச் செப்பு வாலையில் ஏற்றுகிறார்கள். "கொதிக்க வைக்கும்போது அந்த ஈஸ்ட் என்ன ஆகும்?" என்று கேட்டேன். சுற்றிக்காட்டிய பிள்ளை யோசித்துவிட்டு, "செத்துடும் சார். அதோட வேலை முடிஞ்சுது" என்றார். இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லையாம்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. சமண இல்லறத்தார் கொள்ள வேண்டிய அடிப்படைக் குணங்களில் கள், ஊன், தேன் விலக்குவதைச் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் சொல்கிறது. தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலின் வழிவந்தது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அமிர்தசந்திரர் ஒரு படி மேலே போய், மது எண்ணற்ற சிற்றுயிர்கள் பிறக்கும் இடம், ஆகவே குடிப்பவன் கொலை செய்தவனாகிறான் என்கிறார். புளித்தல் உயிர்களின் செயல் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் நிறுவியது 1857க்குப் பிறகு. எங்கள் ஆசாரியர் பெயரிலும் அமிர்தம், ஆலையின் பெயரிலும் அமிர்தம். அங்கே நின்றபோது இதை நினைத்துக்கொண்டேன்.

சாராயம் 78 பாகையில் ஆவியாகும், தண்ணீர் நூறில். அந்த இடைவெளிதான் வடித்தலின் இரகசியம். இரண்டு முறை வடிக்கிறார்கள். இரண்டாம் வடிப்பில் முதலில் வரும் 'தலை'யை ஒதுக்கி, நடுவில் வரும் 'இதயத்தை' மட்டும் எடுத்து, கடைசியில் வரும் 'வாலை'யும் தள்ளி, தள்ளியவற்றை அடுத்த ஈட்டில் சேர்க்கிறார்கள். எந்த நொடியில் குழாயைத் திருப்புவது என்பதுதான் கைப்பக்குவம்.

பீப்பாயில் நடக்கும் கணக்கு

வடித்தது கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் ஓக் மரப்பீப்பாய் தருவது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடி. ஸ்காட்லாந்தைவிட வெயில் அதிகம். ஆகவே மரத்தின் சாரம் வேகமாக இறங்குகிறது. இங்கே ஓராண்டு அங்கே மூன்றாண்டுக்குச் சமம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் அதே வெயில் சரக்கையும் குடித்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஆவியாகிறது, பெங்களூரில் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம். இதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள்.

மளிகைக்காரன் புத்தி, அங்கேயே கணக்குப் போட்டேன். இருநூறு லிட்டர் வைத்தால், அங்கே ஐந்தாண்டில் 181 லிட்டர் மிஞ்சும். இங்கே பதினொரு சதவீதம் என்று வைத்தால் 112. எட்டாண்டில் 79 லிட்டர்தான். பாதிக்கு மேல் காற்றுக்கு! எட்டாண்டு வைத்த ஒரு சரக்குக்கு 'பேராசைத் தேவதைகள்' என்ற பொருளில் அவர்கள் ஆங்கிலப் பெயர் வைத்தது சும்மா அல்ல. நட்டம் என்று எல்லோரும் ஒதுக்கிய தட்பவெப்பத்தையே தனிச்சுவையாக மாற்றிக் காட்டியது தொழில்திறமைதான். அதை மறுத்தால் வரலாறு எழுதுபவன் நேர்மையற்றவன் ஆவான்.

தராசின் மறுதட்டு

ஒரு தட்டை மட்டும் பார்த்து நிறுக்கக் கூடாது. கிளாஸ்கோவில் பாராட்டு வாங்கிய இதே மாநிலத்தில் ஏழையின் மது என்னவாக இருந்தது? 1981இல் பெங்களூரில் விஷச்சாராயத்தால் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பின்னாளில் சாராயம் பாக்கெட்டில் வந்தது. 2007 ஜூலை 1 அன்று கர்நாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. மலிவுச் சரக்கு போயிற்று, குடித்துப் பழகிய உடம்பு போகவில்லை. 2008 மே மாதம் பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஏறக்குறைய 180 பேர் கள்ளச்சாராயத்துக்குப் பலியானார்கள். அதில் கலந்திருந்தது தொழிற்சாலைக்கு உரிய மெத்தனால். 'தலை'யை ஒதுக்கி 'இதயத்தை' எடுக்கும் கவனம் பணக்காரப் புட்டிக்கு மட்டும்.

இனி என் கணக்கு. சம்பள நாளன்று எங்கள் கடைக்குப் பெண்கள் வருவார்கள். ஓர் அம்மாள் எப்போதும் சொல்வார்: "நயினாரே, அரிசிய என் கையில குடுங்க. அவரு வந்து கேட்டா காசா குடுத்துடாதீங்க." அப்பா அதை நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாகக் குறித்து வைத்திருந்தார். இன்னொரு விதியும் வைத்திருந்தார். கறுத்த வெல்லத்தை மூட்டையாக யாருக்கும் விற்கக் கூடாது, வேலம்பட்டை கடையிலேயே வைக்கக் கூடாது. பட்டைச் சாராயம் காய்ச்சுபவர்களுக்கு வேண்டியவை அவை. விலக்கிய தொழில்களில் 'ரச வாணிபம்' என்று ஒன்று எங்கள் நூல்களில் உண்டு. "எதுக்கு வாங்கறான்னு தெரிஞ்சு நிறுத்தா, நாமும் காய்ச்சினவன்தான்" என்பார் அப்பா.

1979இல் அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் நான் மூன்று மூட்டை கறுப்பு வெல்லம் விற்றேன். நல்ல விலை. திரும்பி வந்து நோட்டைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அந்த இலாபத்தைத் தர்மக் கணக்கில் எழுதி, அந்த மாதம் புள்ளி வைத்த பெயர்களுக்கெல்லாம் அரிசியாகக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

திரும்பும் வண்டியில் அந்த இளைஞன் கேட்டான்: "தாத்தா, எங்க தாத்தா குடிச்சே போனாரு. நான் அதே சரக்குல சம்பாதிக்கறேன். தப்பா?" அவன் பாட்டிதான் அரிசியைத் தன் கையில் கேட்ட அந்த அம்மாள். பங்காரப்பேட்டை தாண்டும்வரை எனக்குப் பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: "எங்க வழியில அது விலக்கின தொழில். நான் செய்ய மாட்டேன். ஆனா சம்பள நாள் காசுலதான் என் கடையும் நடந்துது. மூணு மூட்டை வித்த கை இது. உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல. சம்பளத்த உங்கம்மா கையில குடு. நீ அடைக்கறத நீ குடிக்காத."

"அம்மா கையிலதான் குடுக்கறேன்" என்றான். இரண்டாவதற்கு அவன் பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் பலர் இன்று வேதியியல் படித்து இத்தகைய ஆலைகளில் பணிபுரிகிறார்கள். பெங்களூர் மண்ணில் வடித்தது உலகமேடை ஏறியதில் நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருமையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இதே இரயில் பாதையின் மறுமுனையில் சம்பள நாளன்று அரிசிக்காக வரிசையில் நின்ற தாய்மாரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் வைத்து நிறுத்தால்தான் எடை சரியாக இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!